கூடை கனத்தால் கை நிற்கும்



ஆடி பிறந்துவிட்டது. வேங்கிக்காலில் வேலூர் சாலையோரம் காலையில் நடக்கப் போனால் மலையைவிட முதலில் கண்ணில் படுவது தள்ளுபடி பேனர்தான். நேற்று ஒன்றில் "50% + 20%" என்று போட்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் "எழுபது பர்சென்ட்டா!" என்று வியந்தார். முப்பத்து நான்கு வருடம் கணக்குப் பாடம் எடுத்தவனுக்கு வாய் சும்மா இருக்குமா? ஆயிரம் ரூபாய் துணிக்கு முதலில் பாதி போனால் ஐந்நூறு. அந்த ஐந்நூறில் இருபது சதவீதம் நூறு. ஆகக் கொடுக்க வேண்டியது நானூறு. தள்ளுபடி அறுபதுதான், எழுபது இல்லை. "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்றால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 சதவீதம், அதுவும் மூன்று தேவைப்படுகிறவருக்கு மட்டும். இதெல்லாம் உங்களில் பலருக்கு எட்டாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்ததுதான்.

ஆடித் தள்ளுபடியை நான் குறை சொல்லவில்லை. ஆடியில் கல்யாணம் காட்சி இல்லை, துணிக்கடையில் வியாபாரம் படுத்துவிடும், தீபாவளிச் சரக்கு வருவதற்குள் இருப்பைக் கழிக்க வேண்டும். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போர்வை வேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக்குப் போட சட்டை வேண்டும் என்று முன்பே நினைத்து வைத்திருப்பவருக்கு ஆடி நல்ல மாதம். கடைக்குள் போன பிறகு நினைப்பு வருகிறவர்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆனால் இன்றைக்கு எழுத வந்தது துணிக்கடையைப் பற்றி அல்ல. இரவு பத்து மணிக்கு மேல் திறக்கும் கடையைப் பற்றி.

சென்ற பங்குனியில் பழைய மாணவன் ஒருவன் தன் அம்மாவோடு வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம். அவன் அனுமதி கொடுத்த பிறகே எழுதுகிறேன். "எழுதுங்க சார், நாலு பேருக்கு ஆகட்டும்" என்றான். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. குடும்பம் ஊரில், அவன் மட்டும் அங்கே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். அம்மா இருபது வருடத்துக்கு மேல் மாடு வைத்துப் பால் ஊற்றிச் சேர்த்த காசில் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறார். அதில் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே கான்கிரீட் கூரை. அவ்வளவுதான் அந்த அம்மாவின் கனவு. இப்போது இருப்பது கல்நார் ஓடு போட்ட வீடு. சித்திரையில் அந்த வீட்டுக்குள் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போயிருக்கிறான். சம்பளச் சீட்டு சரி, பத்திரம் சரி. சிபில் கணக்கைப் பார்த்த மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு செயலிகளில் "இப்போது வாங்கு, பிறகு கட்டு" என்று வாங்கியதில் ஒன்றில் 740 ரூபாய், இன்னொன்றில் 1,260 ரூபாய், மாதக்கணக்கில் கட்டாமல் நிற்கிறது. மொத்தம் இரண்டாயிரம். அது கடன் என்றே அவன் நினைத்திருக்கவில்லை. ஏதோ கடைப் பாக்கி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறான். அந்த இரண்டாயிரத்தால் பன்னிரண்டு லட்சம் நின்றுபோனது.

அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்தபடி சொன்னார்: "கடன் கேட்டா நாலு பேரு மொகத்தப் பாக்கணும் சார். அதுலயே பாதி ஆசை போய்டும். இவனுக்கு மொகமே பாக்காம குடுக்குறாங்க."

நான் எத்தனையோ பொருளாதாரக் கட்டுரை படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அவனிடம் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்தேன். "தம்பி, போனைத் திறக்காதே. போன ஒரு வருடத்தில் போனில் என்னென்ன வாங்கினாய், ஞாபகத்திலிருந்து எழுது" என்றேன். பரீட்சை எழுதுவது போலவே குனிந்து எழுதினான். பதினேழு பொருள் வந்தது. பிறகு செயலியில் பழைய ஆர்டர்களையும் வங்கிக் கணக்கையும் திறந்து எண்ணினோம். அறுபத்து மூன்று. தொகை 41,870 ரூபாய். சராசரி போட்டால் ஒரு பொருள் 665 ரூபாய் வருகிறது. எதுவும் பெரிய பொருள் இல்லை. போன் உறை நான்கு. காய் நறுக்கும் டப்பா. சுவரில் ஒட்டும் கலர் விளக்கு. தலையை அமுக்கிவிடும் ஒரு கருவி. பையனுக்கு அளவு சேராத ஷூ. திருப்பி அனுப்பும் நாள் தாண்டிவிட்டது. இன்னொன்று பார்த்தேன், நேரம். அறுபத்து மூன்றில் நாற்பது இரவு பத்து மணிக்கு மேல் வாங்கியவை.

"செகண்ட் ஷிஃப்ட் முடிச்சு ரூமுக்கு வந்தா தூக்கம் வராது சார். போன்தான்" என்றான்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கழித்தல் தெரியும். "அந்த நாப்பத்தாறும் எங்கடா கீது?" என்று கேட்டார். அவன் ஞாபகத்துக்கே வராத நாற்பத்தாறைத்தான் கேட்டார்.

எனக்கு அவனைத் திட்டத் தோன்றவில்லை. படிக்கும்போதும் ஊதாரி இல்லை. பென்சிலைக் கட்டைவிரல் அளவு தேயும்வரை எழுதியவன். அந்தப் பையனுக்கு இது எப்படி நடந்தது என்று யோசித்தபோது தோன்றியதைச் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றிப் போக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா காலத்தில் மளிகைக்கடையில் சாமானை நாம் தொட முடியாது. தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிய சீட்டைக் கொடுக்க வேண்டும். துவரம் பருப்பு இரண்டு படி, மிளகாய் கால் கிலோ, இப்படி. கடைக்காரர் உள்ளேயிருந்து எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுப்பார். சீட்டில் இல்லாத பொருள் பைக்குள் வர வழியே கிடையாது. வாங்க வேண்டும் என்றால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். உலகம் முழுக்கவே அப்படித்தான் இருந்தது. 1916ஆம் ஆண்டு அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்று ஒரு கடை திறந்தார். வாடிக்கையாளரே கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்து வேண்டியதை எடுத்து வர வேண்டும். இன்றைய சூப்பர் மார்க்கெட்டுக்கு மூத்த அண்ணன் அதுதான்.

அதிலும் ஒரு தடை பாக்கி இருந்தது. கூடை. அதே நாட்டில் ஓக்லஹோமா நகரத்தில் கடைகள் வைத்திருந்த சில்வன் கோல்ட்மேன் ஒன்றைக் கவனித்தார். கூடை கனத்துக் கை வலிக்க ஆரம்பித்ததும் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திக்கொண்டு பணம் கட்டும் இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். மடக்கு நாற்காலியைப் பார்த்து அவருக்கு ஒரு யோசனை வந்தது. அதற்குச் சக்கரம் வைத்து மேலே கூடையை மாட்டினார். 1937இல் டிராலி பிறந்தது இப்படித்தான். முதலில் யாரும் அதைத் தொடவில்லையாம். சம்பளத்துக்கு ஆள் வைத்துக் கடைக்குள் டிராலி தள்ள வைத்தாராம், பார்த்துவிட்டு மற்றவர்களும் தள்ளட்டும் என்று. வியாபாரியின் மூளையை நான் மெச்சுகிறேன். ஆனால் கவனியுங்கள், கை வலி என்பது உடம்பு போட்ட கணக்கு. அதைத்தான் அந்தச் சக்கரம் முதலில் அழித்தது.

அதற்குப் பிறகு வந்தது எல்லாமே இந்த வரிசைதான். பணத்தின் கனமும் போனது. எம்ஐடி பல்கலைக்கழகத்தில் டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரண்டு பேராசிரியர்கள் கூடைப்பந்து ஆட்டத்துக்கான டிக்கெட்டை மாணவர்களிடம் ஏலம் விட்டுப் பார்த்தார்கள். பாதிப் பேரிடம் ரொக்கம்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள், மீதிப் பேரிடம் கிரெடிட் கார்டு என்றார்கள். அதே டிக்கெட்டுக்குக் கார்டுக்காரர்கள் கேட்ட விலை சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல். 2001இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதற்குள் 1999இலேயே அமேசான் நிறுவனம் ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டது. நம் நாட்டில் 2016இல் யூபிஐ வந்தது. அது எவ்வளவு பெரிய வசதி என்று பேருந்தில் சில்லறைக்குச் சண்டை போட்ட தலைமுறைக்குத் தெரியும், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் ஐந்நூறு ரூபாய்த் தாளைப் பிரித்து எண்ணிக் கொடுக்கும்போது விரலுக்கு வரும் தயக்கம், 'டிங்' என்ற சத்தத்தில் வருவதில்லை.

கடைசியாக அந்த அம்மா சொன்ன முகமும் போயிற்று. கடன் கேட்கும் வெட்கம், கடைக்கு நடக்கும் தூரம், சுமக்கும் கனம், எண்ணும் பணம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுக் களைத்து வந்த ஒரு மனிதனின் கையில் இரவு பதினோரு மணிக்குக் கொடுத்தால், அவன் பென்சிலைத் தேயத் தேய எழுதியவனாக இருந்தாலும் வாங்கத்தான் செய்வான்.

அவன் போனை வாங்கி நானும் உருட்டிப் பார்த்தேன். "இன்னும் 2 மட்டுமே உள்ளது" என்றது ஒரு பொருள். கீழே நிமிடமும் நொடியும் குறைந்துகொண்டே வந்தது. வேண்டாம் என்று மூடப்போனால், "எனக்குச் சேமிப்பில் விருப்பமில்லை" என்ற பொத்தானை அழுத்தச் சொல்கிறது! வேண்டாம் என்பவனைக் குற்றவாளி ஆக்குகிறார்கள். இந்த மாதிரித் தந்திரங்களுக்கு இப்போது சட்டத்தில் பெயரே இருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் 13 வகையைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறார்கள். பொய்யான அவசரம் காட்டுவது, கேட்காத பொருளையோ கட்டணத்தையோ கூடையில் நுழைப்பது, வேண்டாம் என்பவரை வெட்கப்படுத்துவது, சந்தாவில் சேர்த்துவிட்டு வெளியேற விடாமல் சுற்றவிடுவது எல்லாம் அதில் வருகின்றன. உங்களுக்கு நடந்தால் 1915 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

இன்னொன்று, அவன் 24,000 ரூபாய்க்கு வாங்கிய போன். மாதம் 2,000 வீதம் பன்னிரண்டு தவணை, "வட்டியே இல்லை சார்" என்றான். உட்காரச் சொன்னேன். வட்டி இல்லாமல் வங்கி ஏன் கடன் கொடுக்க வேண்டும்? வருடத்துக்கு 16 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினால் அது அடைக்கும் அசல் சுமார் 22,043தான். மீதி 1,957 வட்டி. அந்த வட்டி அளவுக்கு விற்பவர் முன்கூட்டியே விலையைக் குறைத்துக் காட்டுவதால் நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நாம்தான் கட்டுகிறோம், சுமார் 352 ரூபாய். நடைமுறைக் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக 587 ரூபாய். ரொக்கமாக வாங்கியிருந்தால் ஏதாவது குறைத்துக் கொடுத்திருப்பார்கள் என்றால் அதுவும் போச்சு. 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது, வட்டியைக் கட்டணத்துக்குள் ஒளிக்காதீர்கள் என்று வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 587 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆனால் வட்டி இல்லை என்று சொன்னதால்தான் 14,000 ரூபாய் போனை விட்டுவிட்டு 24,000 ரூபாய்க்குப் போயிருக்கிறான். நஷ்டத்தை அங்கே பாருங்கள்.

பிறகு என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். அன்றே இரண்டு பாக்கியையும் கட்டினான். நிலுவை இல்லை என்று எழுத்தில் வாங்கச் சொன்னேன். அந்தக் கணக்குகளை மூடச் சொன்னேன். இதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை நம் முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வீட்டுக் கடனுக்குப் போகும் முன் வாங்கிப் பாருங்கள். வங்கியில் அவனை ஐப்பசிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

செயலிகளை நீக்கிவிடு என்று நான் சொல்லவில்லை. நீக்கினால் அடுத்த வாரம் மறுபடி ஏற்றுவான். கழற்றிய கனத்தில் கொஞ்சத்தை நாமே திரும்ப மாட்டலாம் என்றேன். கார்டு விவரத்தைச் சேமித்து வைக்காதே, ஒவ்வொரு முறையும் பதினாறு எண்ணையும் அடி. பத்து மணிக்கு மேல் பார்க்கலாம், கூடையில் போடலாம், பணம் மட்டும் காலையில்தான். மூன்றாவதாக ஒன்று, இது நம் ஊருக்கே உரியது. ஐந்நூறு ரூபாய்க்கு மேற்பட்ட பொருள் எது வேண்டும் என்றாலும் காலண்டரில் எழுதிவிட்டு அடுத்த பௌர்ணமி தாண்டட்டும் என்றேன். திருவண்ணாமலைக்காரனுக்குப் பௌர்ணமி என்றைக்கு என்று யாரும் சொல்ல வேண்டாம்; சாலையில் பேருந்து நகராதபோதே தெரிந்துவிடும். மருந்து, பள்ளிச் செலவு, உடைந்துபோன அடுப்பு இதற்கெல்லாம் இந்த விதி கிடையாது.

இந்த யோசனை எனக்குக் கிரிவலப் பாதையில் தோன்றியது. பதினான்கு கிலோமீட்டர் வழி நெடுகக் கடை. மரச்சாமான், செம்புப் பாத்திரம், பாசிமணி எல்லாம் உண்டு. குபேர லிங்கத்தில் காசு கேட்டுவிட்டு வெளியே வந்தால் செலவழிக்க உடனே வழி! ஆனால் இந்திர லிங்கத்தைத் தாண்டியதுமே செம்புக் குடம் வாங்குகிறவரை நான் பார்த்ததில்லை. ஆசை இருக்கும். எடுத்துப் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள், "மலையைச் சுற்றிட்டு வரேன்" என்று வைத்துவிடுவார்கள். வெறும் காலோடு அதைச் சுமந்து நடக்க வேண்டுமே. ஈசான்ய லிங்கம் வரும்போது எத்தனை பேருக்கு அந்தக் குடம் ஞாபகம் இருக்கும்?

சித்திரை, வைகாசி, ஆனி என்று மூன்று பௌர்ணமி போய்விட்டன. அவன் எழுதியது ஒன்பது பொருள். வாங்கியது மூன்று: ஒரு டேபிள் ஃபேன், பையனுக்குச் சைக்கிள் (இந்த முறை கூட்டிக்கொண்டு போய் ஏற்றிப் பார்த்து), அம்மாவுக்குப் பால் கேன். மீதி ஆறில் நான்கை அவனே அடித்துவிட்டான். இரண்டு இன்னும் நிற்கிறது.

என் வீட்டம்மாவுக்கு இதில் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. அதையும் எழுதச் சொல்லி உத்தரவு. "நினைச்ச நேரத்துல எதையுமே வாங்கக் கூடாதுன்னா வாழ்க்கை என்னத்துக்கு? பட்டியல் போட்டா பூ வாங்குவாங்க?" என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். தீபத்தன்று தேரடித் தெருவில் பேரப்பிள்ளை ஊதல் கேட்டால் பௌர்ணமிக் கணக்கு பார்க்க முடியாது. சாலையோரம் கொய்யா விற்கும் அம்மாவிடம் நினைக்காமல் நின்று அரைக் கிலோ வாங்குவதும் நல்ல காரியமே. அங்கே முகம் இருக்கிறது, எண்ணிக் கொடுக்கும் காசு இருக்கிறது, வீடுவரை சுமக்கும் பை இருக்கிறது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று தொடங்கியது பிளாஸ்டிக்கை ஒழிக்கத்தான். ஆனால் கையில் ஒரு பையோடு போனால் பை நிறைந்ததும் வீடு திரும்புகிறோம் என்பதையும் கவனித்திருக்கிறேன். கொய்யாக்காரம்மாவிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, செயலியில் 'வசதிக் கட்டணம்' 49 ரூபாயை வாயைத் திறக்காமல் கட்டுகிறோமே, அதுதான் எனக்குப் புரிவதில்லை.

சரி, வீட்டுப்பாடம். இன்றிரவு போனைத் தள்ளி வைத்துவிட்டு, சென்ற ஆடியிலிருந்து இந்த ஆடிவரை போனில் வாங்கியதை ஞாபகத்திலிருந்து ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு கணக்கைத் திறந்து எண்ணிக் கழித்துப் பாருங்கள். விடையை எனக்கு அனுப்ப வேண்டாம், மதிப்பெண் போடப் போவதில்லை. வீட்டில் அம்மாவிடம் மட்டும் காட்டுங்கள்.